போடுவது ஒரு நாள் வேலை... ஓட வைப்பது தினசரி வேலை!

தேனி மலையடிவாரத்துக் கண் மையங்களை இணைத்த வைஃபை, கிளை அலுவலகம் வைத்திருக்கும் எல்லோருக்கும் சொல்லித்தரும் பாடம்

இப்படி ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். தேனிப் பக்கம் ஒரு சின்ன ஊர். காலை பத்து மணி. களையெடுக்கப் போகவேண்டிய ஒரு பெண், அன்றைய கூலியை விட்டுவிட்டு, பார்வை மங்கிப்போன மாமியாரைக் கைபிடித்து அழைத்துக்கொண்டு கடைத்தெருவில் இருக்கும் கண் பரிசோதனை மையத்துக்கு வருகிறார். மையம் என்றால் பெரிய கட்டடம் எல்லாம் இல்லை. இரண்டு மூன்று அறைகள்தான். அங்கே டாக்டர் கிடையாது. பயிற்சி பெற்ற ஓர் இளம்பெண் பாட்டியை உட்கார வைத்து, கருவியில் தாடையைப் பதிக்கச் சொல்லி, கண்ணைப் பரிசோதிக்கிறார். பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைக்கிறார். திரையில் டாக்டர் வருகிறார். அவர் இருப்பது பல கிலோமீட்டர் தள்ளி, தேனி மருத்துவமனையில்.

“எத்தனை நாளாம்மா இப்படி இருக்கு?” என்று டாக்டர் கேட்க, பாட்டி திரையைப் பார்த்துப் பதில் சொல்கிறார். கண்ணாடி போதுமா, சொட்டு மருந்து போதுமா, கண்புரைக்கு ஆபரேஷன் வேண்டுமா என்பது அந்தச் சில நிமிடங்களில் முடிவாகிவிடும்.

சரி, அன்றைக்குத் திரையில் டாக்டர் வரவில்லை என்றால்?

“நெட் இல்லம்மா, நாளைக்கு வாங்க” என்று சொல்லலாம். ஆனால், நாளைக்கு வந்தால் மருமகளுக்கு இன்னொரு நாள் கூலி போகும். “எனக்கு இந்த வயசுல பார்வை இருந்து என்ன ஆகப்போவுது, விடு தாயி” என்று பாட்டியே சொல்லிவிடுவார். அத்தோடு அந்தக் கண் முடிந்தது. ஊரில் நாலு பேரிடம், “அங்க போனா மெஷின் வேலை செய்யலைனு திருப்பி அனுப்பிடுவாங்க” என்ற பேச்சு பரவினால், அந்த மையமும் முடிந்தது.

ஒரு வைஃபை இணைப்பு அறுந்தால் நகரத்தில் நமக்குப் போவது ஒரு சினிமாவோ, அரை மணி நேர வேலையோ. தொலைதூரக் கிளையில் அதே இணைப்பு அறுந்தால் என்னவெல்லாம் போகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. அந்த இணைப்பை அறாமல் எப்படி ஓட வைத்தார்கள் என்பதில் நம் எல்லோருக்குமே பாடம் இருக்கிறது.

நூற்றில் ஏழு பேர்

அரசுப் பணியில் இருந்து ஓய்வுபெற்ற டாக்டர் கோ.வெங்கடசாமி, 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. 1985-ல் தேனியில் ஒரு மருத்துவமனை வந்தது. ஊர் ஊராகக் கண் சிகிச்சை முகாம்கள் நடத்துவதில் இவர்கள் பெயர் பெற்றவர்கள். அப்படியிருந்தும் ஓர் ஆய்வு அவர்களை உட்கார்ந்து யோசிக்க வைத்தது. 1999-ல் வெளியான அந்த ஆய்வின்படி, கிராமங்களில் கண் பிரச்னை உள்ளவர்களில் முகாமுக்கு வந்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேர்தான். மீதிப் பேர் வரவே இல்லை. சிகிச்சை இலவசமாக இருக்கலாம். ஆனால் பஸ் செலவு, போகிற கூலி, துணைக்கு வரும் ஆளின் கூலி எல்லாம் இலவசம் இல்லையே!

நோயாளி டாக்டரிடம் வர முடியாவிட்டால் டாக்டர் நோயாளியிடம் போகவேண்டும். ஊருக்கு ஒரு கண் டாக்டரை உட்கார வைக்கவும் முடியாது. அதனால்தான் ‘விஷன் சென்டர்’ என்ற பார்வை மையங்கள் வந்தன. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண் ஒருவர், ஒரு கருவி, ஒரு கேமரா, ஒரு கம்ப்யூட்டர். டாக்டர் மட்டும் திரைவழியே வருவார்.

ஆனால், அந்தத் திரைக்கு இணைப்பு வேண்டுமே? இருபது வருடங்களுக்கு முன்னால் தேனியைச் சுற்றியிருந்த ஊர்களில் இன்டர்நெட் என்றால் டெலிபோன் வழியே கீச்சிடும் ‘டயல் அப்’தான். அதில் ஒரு போட்டோ போவதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். முகம் பார்த்துப் பேசுவதெல்லாம் கனவு.

காற்றில் ஒரு கம்பி

அப்போது இரண்டு விஷயங்கள் ஒன்றுசேர்ந்தன. முதலாவது, டெல்லியில் இருந்து வந்த ஓர் அறிவிப்பு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை லைசென்ஸ் வாங்காமலே, குறிப்பிட்ட சக்திக்குள், கட்டடத்துக்கு வெளியிலும் பயன்படுத்தலாம் என்று 2005 ஜனவரியில் மத்திய அரசு அனுமதித்தது. நம் வீட்டு வைஃபை பேசுவது இதே அலைவரிசையில்தான். (5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு இப்படித் தாராளமான அனுமதி கிடைக்க 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.)

இரண்டாவது, அமெரிக்காவின் பெர்க்லி நகரில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் எரிக் ப்ரூவர் தலைமையில் இயங்கிய ஓர் ஆராய்ச்சிக் குழு. ‘வீட்டுக்குள் ஓடும் இந்த மலிவான வைஃபையை, பல கிலோமீட்டர் ஓட வைக்க முடியுமா?’ என்று அவர்கள் முயன்றுகொண்டிருந்தார்கள். அதற்குத் தேனி களமானது.

‘எங்க வீட்டு வைஃபை பக்கத்து ரூமுக்கே வரமாட்டேங்குது, பதினைஞ்சு கிலோமீட்டரா?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

வீட்டு ரூட்டர், குண்டு பல்பு மாதிரி எல்லாத் திசையிலும் அலையை இறைக்கிறது. அதே அலையை டார்ச் லைட் மாதிரி ஒரே திசையில் குவித்தால் நெடுந்தூரம் போகும். கம்பி வலையில் செய்த கிண்ணம் மாதிரி மொட்டை மாடிகளில் பார்த்திருப்பீர்களே, அந்த ஆன்டெனா செய்வது அதைத்தான். நடுவில் மறைப்பு இருக்கக் கூடாது, அவ்வளவுதான். வெனிசுலா நாட்டு மலைச் சிகரங்களுக்கு இடையே 2007-ல் 382 கிலோமீட்டர் தூரத்துக்கு வைஃபையை அனுப்பிக் காட்டியிருக்கிறார்கள்!

தூரத்தால் இன்னொரு சிக்கலும் வந்தது. வைஃபைக்கு ஒரு மரியாதைப் பழக்கம் உண்டு. ஒரு தகவலை அனுப்பியதும், ‘கிடைத்தது’ என்று எதிர்முனை சொல்லும் வரை காத்திருக்கும். அந்தக் காத்திருப்பு, சில நூறு மீட்டர் தூரத்துக்குக் கணக்குப் போட்டு வைத்தது. 15 கிலோமீட்டர் போய்த் திரும்ப அலைக்கு ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம் ஆகும். நமக்கு அது ஒன்றுமே இல்லை. வைஃபைக்கோ அது ஒரு யுகம். ‘போய்ச் சேரவில்லை போலிருக்கிறது’ என்று மறுபடி அனுப்பும், மறுபடியும் அனுப்பும். இரண்டு முனைகளும் ஒரே நேரத்தில் பேசி மோதிக்கொள்ளும்.

நம் ஊர் விவசாயிகளிடம் கேட்டிருந்தால் இதற்கு உடனே தீர்வு சொல்லியிருப்பார்கள். முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவதுதான்! ‘இந்த நேரம் நீ பேசு, அடுத்த நேரம் நான் பேசுகிறேன்’ என்று முறை வகுத்து, ‘கிடைத்தது’ என்ற ரசீதுகளையும் மொத்தமாக அனுப்பச் செய்தார்கள். கான்பூர் ஐ.ஐ.டி-யில் இதே போன்ற யோசனையில் ஏற்கெனவே ஆராய்ச்சிகள் நடந்திருந்தன. பெர்க்லி குழு அதைத் தன் வழியில் மேம்படுத்தியது. திரையில் டாக்டரின் முகம் தெளிவாகத் தெரிந்தது. 2008-ல் அந்தக் குழு எழுதிய கட்டுரையின்படி, மாதம் 3,000 கிராமத்து நோயாளிகள் இந்த இணைப்பு வழியே டாக்டரைப் பார்த்தார்கள்.

சாதனைக் கதைகள் வழக்கமாக இங்கே முடிந்துவிடும். இந்தக் கட்டுரைக்கு உண்மையான விஷயமே இனிமேல்தான்.

முதல் எதிரி கரண்ட்

தொலைதூர வைஃபை எதனால் படுக்கும்? மழை, மலை, காற்று என்றுதான் நமக்குத் தோன்றும். அந்தக் குழு மூன்று ஆண்டுகள் இரண்டு வலையமைப்புகளைக் கட்டி மேய்த்தது. ஒன்று நம் தேனி. இன்னொன்று இமயமலை அடிவாரத்தில், தர்மசாலாவில் திபெத்திய மக்கள் வாழும் பகுதியில் இயங்கிய ‘ஏர்ஜல்தி’. அது சுமார் 10,000 பேருக்கு இன்டர்நெட்டும் போன் வசதியும் கொடுத்தது. இந்த இரண்டு இடங்களிலும் கிடைத்த அனுபவத்தில், பழுதுக்கான காரணங்களில் முன்வரிசையில் நின்றது கரண்ட்.

கரண்ட் போவது பெரிய பிரச்னை இல்லை. போனால் பேட்டரி இருக்கிறது. வருகிற கரண்ட் எப்படி வருகிறது என்பதுதான் பிரச்னை. கிராமத்து மின்சாரத்தைக் கருவி வைத்து அளந்தபோது, 230 வோல்ட் இருக்கவேண்டிய கம்பியில் திடீர் திடீரென ஆயிரம் வோல்ட் வரை எகிறிக் குதித்தது தெரிந்தது. அடாப்டர்கள் வரிசையாகக் கருகின. ரூட்டர்கள் செத்தன.

எகிறும் வோல்டேஜைவிட நயவஞ்சகமானது, குறையும் வோல்டேஜ். மோட்டார்கள் எல்லாம் ஓடும் நேரத்தில் டியூப்லைட் கண்சிமிட்டுமே, அந்த நேரம்தான். அப்போது ரூட்டர் முழுசாக அணையவும் செய்யாது, வேலையும் செய்யாது. அரை மயக்கத்தில் நிற்கும். விளக்கு எரியும், பேச்சு வராது. வோல்டேஜ் பழையபடி ஏறினாலும் அந்த மயக்கம் தெளியாது. யாராவது போய் ஒயரைப் பிடுங்கி மறுபடி சொருகவேண்டும். அந்த யாராவது, 15 கிலோமீட்டர் தள்ளி இருப்பார். அல்லது டவர் உச்சியில் ஏறவேண்டியிருக்கும்.

இதற்கு அவர்கள் கண்ட தீர்வு ரொம்ப எளிமையானது. பேட்டரி ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால், கருவியை முற்றிலுமாகத் துண்டித்துவிடும் ஒரு சின்ன சர்க்யூட். போதுமான சக்தி வந்ததும் அதுவே மறுபடி இணைக்கும். அரைகுறையாக உயிரோடு இருப்பதைவிட, சுத்தமாகத் தூங்கிவிட்டு எழுவது நல்லது என்பதுதான் இதன் தத்துவம். மனிதர்களுக்கும் பொருந்துகிற தத்துவம்தான்!

இன்னொன்று, கருவிக்குள்ளேயே ஒரு காவல்காரர். ‘வாட்ச்டாக்’ என்பார்கள். ரூட்டர் உயிரோடு இருக்கும்வரை இந்தக் காவல்காரரைக் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு தரம் தட்டிக்கொண்டே இருக்கவேண்டும். தட்டு நின்றால், ‘ஐயா மயங்கிவிட்டார்’ என்று புரிந்துகொண்டு, கேட்காமலே ரீஸ்டார்ட் செய்துவிடும். ஆள் டவர் ஏறவேண்டாம்.

மூன்றாவது, ரூட்டரின் நினைவு அட்டை. எதையாவது எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், பாதி எழுதிய எழுத்தோடு அட்டையே பாழாகிவிடும். அதனால் அட்டையைப் படிக்க மட்டும், எழுதத் தேவையில்லை என்று மாற்றி அமைத்தார்கள். எழுதாத நோட்டில் மசி கொட்டாது.

தென்னை வளரும், குரங்கு ஆடும்

கரண்டுக்கு அடுத்தபடியாக, வானமும் பூமியும் தரும் தொல்லைகள்.

ஒரு டவரில் நின்று பார்த்தால் எதிர் டவர் கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவு போதும் என்று நினைத்துவிடுகிறோம். போதாது. அலை ஒரு நூல் மாதிரிப் போவதில்லை. நடுவில் பருத்த ஒரு சுருட்டு மாதிரிப் போகிறது. 15 கிலோமீட்டர் இணைப்பில், சரிபாதி தூரத்தில் அந்தச் சுருட்டின் ஆரம் சுமார் 22 மீட்டர். அதில் பெரும்பகுதி வெட்டவெளியாக இருக்கவேண்டும். ஆன்டெனா போட்ட அன்றைக்கு இடுப்பளவு இருந்த தென்னம்பிள்ளை, சில வருடங்களில் அந்தச் சுருட்டுக்குள் தலையை நீட்டும். கோடையில் ஓடிய இணைப்பு மழைக்காலத்தில் திணறும். ஈரம் சொட்டும் இலைகள் அலையை அதிகமாகக் குடித்துவிடும். ‘ரூட்டர் பழசாகிவிட்டது’ என்று புதிது வாங்கிப் போடுவோம். குற்றவாளி தோப்பில் நின்று சிரித்துக்கொண்டிருக்கும்.

அடுத்தது காற்று. கிண்ண ஆன்டெனாவின் குறி ரொம்பக் குறுகலானது. ஒரே ஒரு பாகை திரும்பினால், 10 கிலோமீட்டர் தள்ளி 175 மீட்டர் விலகிவிடும். ஆடிக் காற்றில் ஒரு நட்டு தளர்ந்தால் போதும். தர்மசாலாவில் இந்த வேலையைக் காற்றோடு சேர்ந்து குரங்குகளும் பார்த்தன. ஆன்டெனாவில் தொங்கி ஊஞ்சலாடுவது அவற்றுக்குப் பொழுதுபோக்கு.

அப்புறம் இடி. டவரில் இருந்து கட்டடத்துக்குள் இறங்கி வரும் நெட்வொர்க் கேபிள், வேலைநாளில் தகவலைக் கொண்டுவரும். இடிநாளில் மின்னலைக் கொண்டுவரும். இடி நேராக டவரில் விழவேண்டும் என்பதுகூட இல்லை. பக்கத்தில் விழுந்தாலே கேபிளில் எழும் அதிர்ச்சி, ரூட்டரையும் அதில் சொருகிய கம்ப்யூட்டரையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும்.

‘ஓடலை சார்!’

இவ்வளவு எதிரிகள் இருக்கும்போது, பழுது எங்கே என்று கண்டுபிடிப்பதே பாதி வேலை. தலைமை அலுவலகத்துக்கு வரும் போன் எப்போதும் ஒரே வாசகம்தான். “நெட் ஓடலை சார்.”

எது ஓடலை? இந்தப் பக்க ரூட்டரா, அந்தப் பக்க ரூட்டரா, நடு டவரா, கேபிளா, கம்ப்யூட்டரில் வைரஸா, அல்லது பெருக்குகிறபோது பிளக் கழன்றுவிட்டதா? அங்கே இருப்பவருக்கு அதைச் சொல்லத் தெரியாது. இங்கே இருப்பவரால் பார்க்க முடியாது. ஏனென்றால், எட்டிப் பார்க்க இருந்த ஒரே ஜன்னலே அந்த இணைப்புதான். அதுதான் இப்போது மூடிக்கிடக்கிறது!

அதற்காக மூன்று ஏற்பாடுகள் செய்தார்கள். ஒன்று, ஒவ்வொரு கருவியும் தானாகவே குறித்த இடைவெளியில் ‘நான் நலம்’ என்று தலைமையிடத்துக்குத் தகவல் அனுப்பும். வெளியூரில் படிக்கும் பிள்ளை தினமும் வீட்டுக்குப் போன் பண்ணுவது மாதிரி. ஒரு நாள் போன் வராவிட்டால், புகார் வருவதற்கு முன்பே விசாரிக்கலாம். சிக்னல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துவருவதும் இதில் தெரியும். தென்னை வளர்கிறதா, நட்டு தளர்கிறதா என்று முன்கூட்டியே போய்ப் பார்க்கலாம்.

இரண்டு, பின்வாசல். வைஃபை செத்தாலும் கருவியை எட்ட இன்னொரு வழி வேண்டும். செல்போன் சிக்னல் சுமாராக இருந்தாலும் எஸ்.எம்.எஸ் போகுமே! அந்த வழியே ‘என்ன ஆச்சு?’ என்று கேட்கவும், ‘ரீஸ்டார்ட் ஆகு’ என்று சொல்லவும் முடிந்தால், ஒரு பயணம் மிச்சம்.

மூன்றாவதுதான் முக்கியம். மையத்தில் இருப்பவர்களுக்கே முதலுதவி கற்றுக்கொடுத்தது. எந்த விளக்கு எரியவேண்டும், எந்த ஒயர் எந்த ஓட்டைக்குள் போகவேண்டும், எதை அணைத்து எதைப் போடவேண்டும் என்று. பொருத்துவதும் பராமரிப்பதும் மெல்ல மெல்ல உள்ளூர் ஆட்களின் கைக்கு மாறின. பெர்க்லியில் இருந்து விமானம் ஏறி வந்தவர்கள் ஊர் திரும்பிய பிறகும் திரை ஓடியதற்குக் காரணம் இதுதான்.

மேலூர் சொல்லும் இன்னொரு கதை

இதை ஏன் அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது? அதே காலகட்டத்தில் பக்கத்து மாவட்டத்தில் நடந்த இன்னொரு முயற்சியைப் பார்த்தால் புரியும்.

2001 வாக்கில் மதுரை மாவட்டம் மேலூர்ப் பகுதிக் கிராமங்களில், சென்னை ஐ.ஐ.டி பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு உருவாக்கிய வயர்லெஸ் தொழில்நுட்பத்தைக் கொண்டு, இன்டர்நெட் மையங்கள் தொடங்கப்பட்டன. சான்றிதழ்களுக்கு விண்ணப்பிப்பது, ஈமெயில், கம்ப்யூட்டர் பயிற்சி என்று பல சேவைகள். உலகமே பாராட்டிய திட்டம். கண்ணைப் படம் பிடித்து அரவிந்த் மருத்துவமனைக்கு அனுப்பி ஆலோசனை கேட்டதும் அந்த மையங்களில் நடந்தது.

சில ஆண்டுகளில் அவற்றில் பெரும்பாலானவை மூடப்பட்டன. ஏன் என்று 2008-ல் வெளியான ஓர் ஆய்வு அலசியது. தனியாட்கள் கடை மாதிரி நடத்திய மையங்கள், வருமானம் போதாமல் சீக்கிரமே மூடின. தொண்டு நிறுவனம் நடத்தியவை கூடுதல் காலம் தாக்குப்பிடித்தன. அதேபோல, கம்ப்யூட்டர் பயிற்சி பெற்றவர் உரிமையாளராக இருந்த மையங்களும், பயிற்சி பெற்ற ஆளைத் தனியாக வேலைக்கு வைத்த மையங்களும் அதிக நாள் ஓடின.

அந்தத் தொழில்நுட்பத்தைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. இணைப்புக்குப் பின்னால், அது தினமும் தேவைப்படுகிற ஒரு வேலையும், அதைக் கவனிக்கிற ஓர் ஆளும், அந்த ஆளுக்குப் பின்னால் ஒரு நிறுவனமும் இருந்தால்தான் எந்த ஆன்டெனாவும் நிற்கும். தேனியில் இந்த மூன்றும் இருந்தன.

உங்கள் கிளையில் என்ன செய்யலாம்?

இன்றைக்கு ஃபைபர் வந்துவிட்டது, 4ஜி வந்துவிட்டது. ஆனாலும் எஸ்டேட் ஆபீஸ், குவாரி, கோழிப்பண்ணை, கூட்டுறவுச் சங்கம், மலைப்பள்ளி என்று தூரத்தில் ஓர் அலுவலகம் வைத்திருப்பவர்களின் புலம்பல் மாறவில்லை. ஃபைபர் வாசல்வரை வந்தாலும், அங்கிருந்து குடோனுக்கும் எடைமேடைக்கும் செக்யூரிட்டி அறைக்கும் போவது வைஃபைதானே! அவர்களுக்காகச் சில குறிப்புகள்:

1. செலவை முதலில் கரண்டில் போடுங்கள். விலை உயர்ந்த ரூட்டரைவிட, நல்ல ஸ்டெபிலைசரும் யு.பி.எஸ்-ஸும் முக்கியம். ரூட்டர் குடிப்பது சில வாட்ஸ் மின்சாரம்தான். அதற்கென்றே விற்கும் சின்ன டி.சி யு.பி.எஸ் பல மணி நேரம் தாங்கும். 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டினால், சுமார் 11 வோல்ட்டில் தானே துண்டிக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

2. எர்த்தை வருடா வருடம் கவனியுங்கள். உப்பும் கரியும் போட்டு அமைத்த எர்த் குழி, கோடையில் காய்ந்துவிட்டால் பேருக்குத்தான் எர்த். வெயில் காலத்தில் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். டவரில் இருந்து வரும் கேபிளில் சர்ஜ் தடுப்பான் பொருத்துங்கள். இடி ஆரம்பித்த பிறகு ஒயரைத் தொடப் போகவேண்டாம். மேகம் கருக்கும்போதே கழற்றிவிடுங்கள்.

3. வெளியே போகும் கேபிள் வெளிக்கென்றே செய்த கேபிளாக இருக்கட்டும். வீட்டுக்குள் போடும் கேபிளின் தோல் வெயிலில் வெடித்து, உள்ளே தண்ணீர் இறங்கும். சுவரில் நுழையும் இடத்துக்கு முன் கேபிளைக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு, பிறகு மேலே ஏற்றி உள்ளே விடுங்கள். மழைத்தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், ரூட்டருக்குள் போகாது.

4. பொருத்திய அன்றே ஜாதகம் எழுதிவிடுங்கள். அன்றைக்கு சிக்னல் எவ்வளவு, ஆன்டெனா எந்தக் கோணம், எந்த விளக்குகள் எரிந்தன என்று. நட்டின் மேல் பெயின்டில் ஒரு கோடு போட்டு வைத்தால், பிறகு அசைந்திருக்கிறதா என்று கீழிருந்தே தெரியும். எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, பிரின்ட் போட்டு, ரூட்டர் பக்கத்துச் சுவரில் ஒட்டுங்கள்.

5. ஒயர்களுக்குப் பெயர் ஒட்டுங்கள், தமிழில். “நீல ஒயரைப் பிடுங்குங்க” என்று போனில் சொன்னால், அங்கே நீல ஒயர் நாலு இருக்கும். “‘டவர்’னு எழுதியிருக்கிற ஒயர்” என்றால் தவறே வராது. பிடுங்கக் கூடாத பிளக்கில், ‘பிடுங்காதீர்கள்’ என்றும் எழுதுங்கள். ராத்திரி பூட்டும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகும் நல்ல பழக்கம் பல ஊர்களில் உண்டு. அது யு.பி.எஸ் பேட்டரியைத் தினமும் காலியாக்கிக் கொன்றுவிடும்.

6. ஒரு டப்பா உதிரி அங்கேயே இருக்கட்டும். இரண்டு அடாப்டர், ஒரு கேபிள், செட்டிங் எல்லாம் ஏற்றிய ஒரு ரூட்டர். கருகியது அடாப்டர் என்றால், இருநூறு முந்நூறு ரூபாய்ப் பொருளுக்காகப் பாதி நாள் பயணம் போகவேண்டாம்.

7. தூரத்தில் உட்கார்ந்து செட்டிங் மாற்றும்போது, உட்கார்ந்திருக்கும் கிளையை வெட்டாதீர்கள். ஒரு தவறான செட்டிங் போட்டால் இணைப்பு போய்விடும், திருத்தவும் வழி இருக்காது. ‘பத்து நிமிடத்தில் நான் உறுதிசெய்யாவிட்டால் பழையபடி மாறிவிடு’ என்ற வசதி பல ரூட்டர்களில் இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள். மாலை ஐந்தரைக்கு மேல் எதையும் மாற்றவே மாற்றாதீர்கள்.

8. இரண்டாவது வழி ஒன்று வேண்டும். ஃபைபர் முதல் வழி என்றால், சிம் போட்ட ரூட்டர் இரண்டாவது. ஜே.சி.பி எப்போது எங்கே தோண்டும் என்று யாருக்கும் தெரியாது.

9. கடைசியாக, ஒரு நோட்டு. என்றைக்கு, எத்தனை மணிக்கு நின்றது, என்ன செய்ததும் வந்தது என்று இரண்டு வரி. மூன்று மாதம் எழுதினால் நோயே தன்னைக் காட்டிக்கொடுக்கும். ‘தினமும் காலை ஆறரைக்கு நிற்கிறது’ என்றால், பக்கத்துத் தோட்டத்தில் அந்த நேரத்துக்கு மோட்டார் போடுகிறார்களா என்று விசாரிக்கலாம்.

இந்த ஒன்பதிலும் ரூட்டருக்குள் இருக்கும் தொழில்நுட்பம் கொஞ்சம்தான். மீதியெல்லாம், நம் அம்மாக்கள் வீட்டு மிக்ஸியையும் கிரைண்டரையும் இருபது வருடம் ஓட வைத்த அதே கவனம்தான்.

ஒயரைச் சொருகும் கை

நூற்றுக்கும் மேற்பட்ட பார்வை மையங்கள் இன்று அரவிந்த் மருத்துவமனையின் கீழ் இயங்குகின்றன. தேனியில் முளைத்த யோசனை அவ்வளவு தூரம் கிளை விட்டிருக்கிறது. திரையில் டாக்டரைப் பார்ப்பது இன்று நமக்கும் பழகிவிட்டது. கொரோனா காலத்தில் நாமே செல்போனில் டாக்டருக்கு நாக்கை நீட்டிக் காட்டியவர்கள்தானே!

ஆனால், ஒரு விஷயம் மாறவில்லை. தொலைதூரக் கிளையில் ஏதோ ஒரு காலை நேரத்தில் திரை இருண்டுபோகும். அப்போது அங்கே இருப்பவர் இன்ஜினீயராக இருக்கமாட்டார். கணக்கு எழுதுபவராகவோ, டீச்சராகவோ, கண் பரிசோதிக்கும் அந்த இளம்பெண்ணாகவோ இருப்பார். பல நிறுவனங்களில் அவருக்கு நாம் சொல்லிவைத்திருப்பது ஒன்றே ஒன்றுதான்: “நீங்க எதையும் தொடாதீங்க, ஆள் வருவாங்க.”

தேனியில் அப்படிச் சொல்லவில்லை. எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று கற்றுக்கொடுத்தார்கள். அதனால், இருண்ட திரையைப் பார்த்ததும் அந்தப் பெண் பாட்டியைத் திருப்பி அனுப்பத் தேவையில்லை. “ரெண்டு நிமிஷம் உக்காருங்க பாட்டி” என்று சொல்லிவிட்டு எழுந்து போய், எந்த விளக்கு அணைந்திருக்கிறது என்று பார்க்கலாம். ஒயரைக் கழற்றி, மனதுக்குள் பத்து எண்ணிவிட்டு, மறுபடி சொருகலாம்.

திரை ஒளிர்ந்தால், மருமகளின் ஒரு நாள் கூலி வீண்போகவில்லை.